இழுவை போன படகு

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் படகு திடீரென உதறி, வேகம் செத்து நின்றால்... எஞ்சினைப் பார்ப்பதா, ஆட்களைப் பார்ப்பதா?

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. காயலின் நடுவே எட்டுப் பேரோடு ஒரு ஃபைபர் படகு சீறிக்கொண்டு போகிறது. முன்வரிசையில் ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறான். சட்டென்று உட்காரும் பலகை நடுங்குகிறது. முதலில் லேசாக, பிறகு பல் கிட்டும் அளவுக்கு. எஞ்சின் சத்தம் கரகரவென மாறுகிறது. படகு முன்னே போக மறுக்கிறது.

“என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா, உக்காருங்க.”

அக்கா உட்காரவில்லை. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை இன்னும் திருக்குகிறார். நடுக்கம் இரட்டிப்பாகிறது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க நாலு பேர் எழுந்து பின்பக்கம், எஞ்சினை நோக்கி நகர்கிறார்கள். பின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்க, ஒரு சின்ன அலை அலட்டிக்கொள்ளாமல் உள்ளே ஏறுகிறது. இப்போது ஓட்டுநரின் குரல் மாறுகிறது: “சார்... உக்காருங்க சார்! எல்லாரும் முன்னாடி போங்க!”

கோளாறு என்னவோ அற்பமானது. மிதந்து வந்த பழைய உரச்சாக்கு ஒன்று விசிறியில் சுற்றிக்கொண்டது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு முந்தைய அரை நிமிடத்தில் நடந்ததுதான் ஆபத்து.

இந்தக் காட்சி எந்த ஒரு படகுத்துறைக்கும் உரியதல்ல. விடுமுறை நாளில் மோட்டார் படகு ஓடும் எந்த நீர்நிலையிலும் நடக்கக்கூடியது. பொழுதுபோக்குக்காகப் படகு ஏறுபவர்கள் பெருகிவிட்டார்கள். சொந்தமாகப் படகு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியாவது இப்போது பேசுகிறோம். உதறலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘போட்டுன்னா ஆடத்தானே செய்யும்’ என்பதே பொதுவான எண்ணம். ஆடுவது வேறு, உதறுவது வேறு.

எஞ்சின் போனால் திசையும் போச்சு

காரில் எஞ்சின் நின்றால் ஓரம் கட்டலாம். ஸ்டீயரிங் கனத்துப் போகுமே தவிர, சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். வெளியே எஞ்சின் பொருத்திய படகில் அதற்கு வழியில்லை. அங்கே திசையைத் தருவதே விசிறி தள்ளும் தண்ணீர்தான். எஞ்சினையே இடமும் வலமும் திருப்பித்தான் படகைத் திருப்புகிறோம். விசிறி நின்றுவிட்டால் ஸ்டீயரிங் வெறும் வளையம்.

அதற்குப் பிறகு படகைக் காற்றும் நீரோட்டமும் ஆள்கின்றன. கனமான எஞ்சின் பின்னால் இருக்க, லேசான முன்பக்கத்தைக் காற்று தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் படகு அலைக்குக் குறுக்காகக் கிடக்கும். குறுக்கே கிடக்கும் படகு உருளும். உருளும் படகில் ஆட்கள் பயந்து எழுவார்கள். எழுந்தால் பாரம் மேலேறி இன்னும் உருளும். முகத்துவாரத்துக்கு அருகே என்றால் நீரோட்டம் மணல்திட்டை நோக்கியோ, அலை உடையும் இடத்தை நோக்கியோ இழுத்துப் போகும்.

வேகமாகப் போகும்போது பதறிப்போய் ஆக்சிலேட்டரை ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்கு இழுப்பதும் தப்பு. படகு தானே கிளப்பிய அலை பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். படகு சட்டென்று அமர்ந்தால் அந்த அலை பின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். உதறல் தெரிந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓரிரு நொடிகளில், படிப்படியாக.

எஞ்சின் கோளாறு மட்டும் ஆளைக் கொல்வது அபூர்வம். அதைப் பார்க்க ஆட்கள் நகர்வதுதான் பெரும்பாலும் கவிழ்க்கிறது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். அங்கே எஞ்சின் பிரச்னை இல்லை. ஆனால் ஒரு பக்கம் கூட்டம் திரள காட்டெருமைதான் வர வேண்டும் என்பதில்லை. பின்னால் புகையும் ஒரு எஞ்சினும் போதும்.

[பெட்டிச் செய்தி]
பத்து கிராமின் பலம்
14 அங்குல விசிறியின் இதழ் நுனிக்கு அருகே, மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் வெறும் 10 கிராம் உடைந்து போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அவுட்போர்டு எஞ்சின் 5,500 சுற்றில் ஓடும்போது, இடையில் உள்ள கியர் பாதியாகக் குறைத்து, விசிறியை நிமிடத்துக்குச் சுமார் 2,750 முறை சுழற்றுகிறது. அந்த வேகத்தில் அந்தப் பத்து கிராம் வித்தியாசம் ஷாஃப்டை ஏறக்குறைய 13 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். நொடிக்குச் சுமார் 46 தடவை, திசை மாறி மாறி. வேகம் பாதியானால் விசை பாதியாகாது, கால்பங்காகும். உதறும் படகை மெதுவாக ஓட்டிக் கரை சேர்க்க முடிவது இந்தக் கணக்கால்தான்.

ரெண்டே கேள்வி

நல்ல மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்.

ஒன்று: நியூட்ரலில் போட்டு மெதுவாக ரேஸ் செய்தால் உதறுகிறதா? நியூட்ரலில் விசிறி சுற்றாது. அப்போதும் உதறினால் குற்றவாளி எஞ்சினுக்குள் இருக்கிறார், அல்லது எஞ்சினைப் படகோடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர் மவுண்ட்டிலும் போல்ட்டிலும் இருக்கிறார். நியூட்ரலில் அமைதி, கியர் விழுந்ததும் உதறல் என்றால் விசிறி, ஷாஃப்ட், கியர் பெட்டி.

இரண்டு: சத்தம் ஏறி வேகம் குறைந்ததா, சத்தமும் சேர்ந்து குறைந்ததா? எஞ்சின் வீறிட்டுக் கத்துகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால், சக்தி உற்பத்தியாகிறது, தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. எஞ்சினே மூச்சு முட்டுவதுபோல அடங்கினால், அது சக்தியை உற்பத்தி செய்யவில்லை, அல்லது விசிறியை எதுவோ கட்டிப் பிடித்திருக்கிறது.

ஆர்.பி.எம். மீட்டர் உள்ள படகில் இதை எண்ணாகவே பார்க்கலாம். பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின்கள் முழு வேகத்தில் 5,000 முதல் 6,000 சுற்றுவரை ஓட வேண்டியவை. நேற்று 5,400 காட்டியது இன்று அதே பாரத்தில் 4,300 என்றால் அது நோய் அறிகுறி. நம் வாடகைப் படகுகள் பலவற்றில் அந்த மீட்டர் இருப்பதில்லை. இருந்தாலும் முள் அசைவதில்லை. ஓட்டுநரின் காதுதான் மீட்டர். அனுபவசாலியின் காது பொய் சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அனுபவசாலி லீவில் போன அன்று படகை ஓட்டுவது அவருடைய பதினெட்டு வயது மச்சான்.

விசிறியில் வில்லங்கம்

உதறலும் இழுவைக் குறைவும் ஒரே நொடியில் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் விசிறிமேல்தான். வலைத் துண்டு, நைலான் கயிறு, சாக்கு, சேலை, ஆகாயத்தாமரைக் கொடி. சுற்றிக்கொண்ட பொருள் ஒரு பக்கமாகத் திரள்கிறது. துணி ஒரு மூலையில் சேர்ந்த வாஷிங் மெஷின் தரையில் ஆட்டம் போடுமே, அதே கதை.

அறுத்து எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பது இயல்பு. இங்கேதான் பிந்தைய செலவு ஒளிந்திருக்கிறது. தூண்டில் நரம்பு மிக மெல்லியது. விசிறிக்குப் பின்னால் புகுந்து ஷாஃப்டைச் சுற்றி இறுகி, அங்கிருக்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். அந்த வழியாகத் தண்ணீர் கியர் பெட்டிக்குள் போகும். அன்றைக்கு எதுவும் தெரியாது. சில வாரம் கழித்து கியர் ஆயிலை வடித்துப் பார்த்தால் பால் கலந்த காபி நிறத்தில் வரும். அப்படி வந்தால் சீலோடு தப்பிக்கலாம். வடித்துப் பார்க்காதவர்கள் கியரையே மாற்றுவார்கள். வலை சுற்றிய ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்து விசிறியைக் கழற்றிப் பார்ப்பது சோம்பேறித்தனத்துக்கு எதிரான வேலை. ஆனால் மலிவான வேலை.

இன்னொரு வில்லங்கம் கண்ணுக்கே தெரியாதது. விசிறியின் நடுவே, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. கட்டையிலோ பாறையிலோ இடித்தால் அதிர்ச்சி கியருக்குப் போகாமல் தாங்குவது அதன் வேலை. பலமுறை இடி வாங்கியபின் அது பிடிப்பை விட்டு வழுக்க ஆரம்பிக்கும். மெதுவாகப் போனால் படகு ஒழுங்காகப் போகும். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் எஞ்சின் கத்தும், படகு நிற்கும். விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், பில் ஏறும். ஆனால் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் பேனா போதும். உள் உலோகத்திலிருந்து வெளி உலோகம்வரை நேராக ஒரு கோடு. படகை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு இரண்டாகப் பிரிந்து தள்ளி நின்றால் புஷ் போய்விட்டது. நடுத்தண்ணீரில் இது நேர்ந்தால் பதற்றம் வேண்டாம், ஊர்ந்துகொண்டே கரை சேரலாம்.

விசிறியின் இதழ் வளைந்திருந்தால் அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவசரத்துக்குச் சரி. ஆனால் அலுமினியம் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இடத்தில் பலம் இழக்கும். மூன்று இதழும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்பது கண்ணளவில் தெரியாது. உடையாதே என்று ஸ்டீல் விசிறி வாங்கிப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மணல்திட்டும் பாறையும் உள்ள காயலில் விசிறி உடைவது நல்லது. அது உடையாவிட்டால் அடி கியருக்கும் ஷாஃப்டுக்கும் போகும்.

பெரிய சுற்றுலாப் படகுகளிலும் படகு வீடுகளிலும் எஞ்சின் உள்ளே இருக்கும். நீண்ட ஷாஃப்ட் படகின் அடியைத் துளைத்து வெளியே போகும். அங்கே கயிறு சுற்றினால் கதை கடுமை. ஷாஃப்ட் இழுபட்டு, தண்ணீர் உள்ளே வராமல் அடைத்திருக்கும் இடம் கசியத் தொடங்கலாம். அப்படிப்பட்ட படகு உதறி நின்றால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடித்தளப் பலகையைத் தூக்கித் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உதறுவது எஞ்சினேயானால்

நியூட்ரலிலும் உதறினால், பெரும்பாலும் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்திருக்கிறது. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று படுத்தால் பாதிச் சக்தி போச்சு. மிச்சப் பாதி நொண்டுகிறது. பிளக்கைக் கழற்றினால் தெரியும்: வேலை செய்யாத சிலிண்டரின் பிளக் பெட்ரோலில் நனைந்து கறுத்திருக்கும். உப்புக் காற்றில் பிளக் ஒயரின் முனை பூத்துப்போவது கடலோரத்தில் சர்வசாதாரணம்.

பிளக் நன்றாக இருந்தால் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டும். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் கைப்பம்ப் இருக்கும். எஞ்சின் அடங்கும் நேரத்தில் அதைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை. பாதி நேரம் காரணம், டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்ததுதான். கைப்பம்பை அமுக்க அமுக்க எஞ்சின் உயிர் பெற்றால் அடைப்போ, காற்றுக் கசிவோ, எஞ்சினின் பெட்ரோல் பம்ப் பலவீனமோ.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கும் திட்டத்துக்கு முதலில் வைத்த கெடு 2030. நாடு அதை 2025-லேயே எட்டிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தினமும் ஓடும் பைக்கில் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. வாரக் கடைசியில் மட்டும் இறங்கும் படகின் பாதி காலியான டேங்கில், ஈரக் காற்றில், அவகாசமோ அவகாசம். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சினுக்கான குழாய் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாயின் உள்தோலையும் எத்தனால் உரிக்கக்கூடும். உரிந்த தோல் உள்ளேயே மடங்கி வழியை அடைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதிதாக இருக்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் கோடு விழுவது தெரியும். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரை டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே பொருத்துவதும், ஓடாத காலத்தில் பழைய பெட்ரோலை வைத்திருக்காமல் இருப்பதும்தான் வழி.

தானே அடங்கும் எஞ்சின்

உதறல் பெரிதாக இல்லை, அலாரம் ஒலிக்கிறது, எவ்வளவு திருக்கினாலும் வேகம் ஏறவில்லை. புதிய எஞ்சின்களில் இது கோளாறு அல்ல, தற்காப்பு. சூடு ஏறினால் எஞ்சின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எஞ்சினின் பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே ஏறவில்லை. ஒரு கேரி பேக் வந்து உறிஞ்சும் வாயில் ஒட்டினால் போதும். நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்ததும் அந்தப் பை தானே கழன்று மிதந்து போகலாம்; அப்படிப் போனால், திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். கல்பாக்கம் அணுமின் நிலையமே குளிர்விக்கும் கடல்நீர் வாயில் ஜெல்லிமீன்கள் வந்து அடைத்துக்கொள்வதோடு போராடியிருக்கிறது. ஒரு பத்துக் குதிரைச்சக்தி எஞ்சின் எம்மாத்திரம்.

அடைப்பு இல்லாமலே தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே சுற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும். மணல் கலந்த ஆழமில்லாத தண்ணீரில் ஓடும் படகுக்கு அதன் ஆயுள் குறைவு.

நடுத்தண்ணீரில்

கோளாறு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியவற்றின் வரிசை ஒன்றுதான். வேகத்தைப் படிப்படியாகக் குறை. நியூட்ரல். எல்லாரையும் உட்காரவை, பின்பக்கம் ஒருவர் மட்டும். லைஃப் ஜாக்கெட் மடியில் இருந்தால் உடம்பில் ஏறட்டும். அடுத்தது நங்கூரம். கரையோ பாறையோ அருகில் இருந்தால் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே அதைப் போட வேண்டும், அதுவும் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில். நங்கூரக் கயிற்றைப் பின்பக்கம் கட்டினால் அலை பின் விளிம்பு வழியாக ஏறும். நங்கூரமே இல்லாத உல்லாசப் படகுகள் இருக்கின்றன என்பது தனிக் கொடுமை.

விசிறியில் கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தும் பட்டனோடு இணைந்த சிவப்புச் சுருள் கயிறு இருந்தால் அதையும் பிடுங்கிப் பையில் போட வேண்டும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி உள்ளிருந்தபடியே கத்தியால் அறுக்கலாம். ‘நான் குதிச்சு எடுத்துடறேன்’ என்று யாராவது சட்டையைக் கழற்றினால் தடுக்க வேண்டும்.

அந்தச் சிவப்புக் கயிற்றின் உண்மையான இடம் ஓட்டுநரின் உடம்பு. கட்டையில் இடித்து அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நிற்கும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் தண்ணீரில் விழுந்தவர்மேலேயே வரும். 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளை ஓட்டுபவர்கள் இதை மாட்டியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாக்கியிருக்கிறது. இங்கே அது பல படகுகளில் பட்டனிலேயே நிரந்தரமாகச் சுற்றிக் கிடக்கிறது.

[பெட்டிச் செய்தி]
கையில் இருக்க வேண்டியவை
கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை: 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல்: 1093. எங்கிருந்தும் அவசர உதவி: 112. வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16.
படகில்: கூரிய கத்தி, துடுப்பு, போதிய நீளக் கயிற்றோடு நங்கூரம், மாற்று விசிறி, அதற்கான நட்டும் காட்டர் பின்னும், இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், தண்ணீர் புகாத உறையில் செல்போன், விசில்.

ட்ரயல் யார்மேல்?

2024 டிசம்பர் 18. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது ‘நீல்கமல்’ என்ற பயணிகள் படகு. எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று வட்டமடித்து வந்து அதன்மேல் மோதியது. எஞ்சின் கோளாறால் கட்டுப்பாடு இழந்தது என்று கடற்படை அறிவித்தது. 15 உயிர்கள் போயின. பயிற்சி பெற்ற ஆட்கள் ஓட்டிய சோதனை ஓட்டமே, பயணிகள் படகுகள் போய்வரும் பாதைக்குப் பக்கத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

சின்னப் படகுத்துறைகளில் சோதனை ஓட்டம் என்றே ஒன்று தனியாக நடப்பதில்லை என்பதுதான் என் குறை. மத்தியானம் எஞ்சினைப் பூட்டுவார்கள், தண்ணீரில் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள், மூன்று மணிக்கு வந்த குடும்பத்தை ஏற்றிவிடுவார்கள். அந்தக் குடும்பம்தான் ட்ரயல். உதறல் என்பது பாரத்தில், வேகத்தில் வெளிப்படும் நோய். கரையில் கட்டிய படகில் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தால் அது தெரியாது. வளைந்த ஷாஃப்ட் அங்கே அடக்க ஒடுக்கமாக இருக்கும்.

1917-ம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. உள்நாட்டு நீர்நிலைகளில் எந்திரத்தால் ஓடும் கலங்களுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என்கிறது. ஆனால் மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டிய கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் இறந்தது இந்தச் சட்டம் வந்த பிறகுதான். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளர் அன்றைய படகைத்தான் பார்க்க முடியும். மறுவாரம் மணல்திட்டில் இடித்த விசிறிக்கு அவர் பொறுப்பாக மாட்டார்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தப் படகு, எத்தனை மணி நேரம் ஓடியது, எங்கே இடித்தது, எப்போது வலை சுற்றியது, கியர் ஆயில் என்ன நிறம், கழற்றி மாட்டியபின் ஆளில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தார்கள், கையெழுத்து யாருடையது. எஞ்சின் கம்பெனிகள் கொடுக்கும் கையேட்டிலேயே இதற்கான பக்கங்கள் உண்டு. பெரும்பாலும் அச்சடித்தபடியே வெள்ளையாக இருக்கும். டிக்கெட் கவுன்டரில் விலைப்பட்டியல் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இந்த நோட்டையும் தொங்கவிடச் சொல்லி உள்ளாட்சியோ சுற்றுலாத் துறையோ ஒரு சுற்றறிக்கை போட்டால், புதிதாகச் சட்டம் எதுவும் தேவைப்படாது. பணம் கட்டும் முன் அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை, லைஃப் ஜாக்கெட்டின் கிளிப் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் அதே ஆளுக்குத்தான்.